இறங்காத பந்து

எழுபத்தொன்றாம் வருஷம் கலெக்டர் கோப்பை இறுதி ஆட்டத்தில் மேலே போன பந்து கீழே வராததால்தான் எங்கள் நகரத்து ஸ்டேடியம் பலநோக்கு ஸ்டேடியம் ஆனது. ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அதே மைதானத்தில் இன்னொரு ஆட்டம் நடத்த முடியாது. பொருட்காட்சி நடத்தலாம். கூட்டம் போடலாம். ஓட்டு எண்ணலாம். அதையெல்லாம் நடத்தினார்கள்.

இந்த வரலாற்றை மேற்கு வாசலில் பளிங்குக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் நாலாவது வகுப்போடு உப்பளத்துக்குப் போனவன். இருந்தாலும் கல்லில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். பந்து என்னோடு ஆடிய தொம்மையின் தலைக்கு நேர் மேலே போனதாக அதில் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை. பந்து போனது என் தலைக்கு மேலே. நகராட்சிக்கு ஒவ்வொரு கமிஷனர் வரும்போதும் போய்ச் சொன்னேன். வெட்டியதை அழித்தால் கல் அசிங்கமாகிவிடும் என்றார்கள். என் பெயர் லிங்கதுரை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் ஸ்டேடியம் இருக்கிற இடம் வெறும் உவர்மண் பொட்டல். ஒரு பக்கம் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி, மறுபக்கம் கடல். கோல்கம்பம் என்று நாலு பனங்கட்டைகளை நட்டிருந்தோம். இறுதி ஆட்டம் எங்கள் உப்பளத் தொழிலாளர் அணிக்கும் துறைமுக அணிக்கும். உப்பளத்துக்காரன் அதுவரை எதிலும் ஜெயித்தது கிடையாது. அன்றைக்கு நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். அடித்தவன் சவரிமுத்து. அவன் பிறகு மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

துறைமுகக்காரன் ஒருவன் எங்கள் கோலை நோக்கிப் பந்தை உயரத் தூக்கி அடித்தான். நானும் தொம்மையும் கோலுக்கு முன்னால் தடுக்கிற ஸ்டாப்பர்கள். பெனால்டி கட்டத்தில் அடுத்தடுத்து நின்றோம். பந்தாட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அணியில் இரண்டு பேர் ஒரு பந்துக்கு அடியில் நின்றால், யாராவது ஒருவன் 'விடு' என்று கத்த வேண்டும். கத்தியவனுக்குப் பந்து. மற்றவன் 'விட்டேன்' என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மண்டையும் மோதிக்கொள்ளும்.

நான் கத்தினேன். தொம்மையும் கத்தினான். அவன் சத்தம் என் சத்தத்துக்குப் பின்னால் வந்தது. அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களும் ஒரேமாதிரி சொல்வதில்லை. தலையால் முட்டி வெளியே தள்ளியிருந்தால் கோப்பை எங்களுக்கு. நாங்கள் இரண்டு பேரும் விலகாமல் அண்ணாந்து நின்றோம். பந்து வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரெப்ரி பாக்கியநாதன் சார் பக்கத்தில் வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அவரும் மேலே பார்த்தார்.

"ரெண்டு பேர் கேட்ட பந்து இப்பிடித்தான் நிக்கும். ஒருத்தன் விட்டா வரும்" என்றார்.

"அவன விடச் சொல்லுங்க சார்" என்றேன்.

"அவன விடச் சொல்லுங்க சார்" என்றான் தொம்மை.

பந்து எவ்வளவு உயரம் போகலாம் என்று விதியில் இல்லை. அது கோட்டைத் தாண்டவும் இல்லை. அதனால் பாக்கியநாதன் சார் விசில் ஊதவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

பந்து தெரியாது, நிழல் தெரியும். வெயில் நேரத்தில் பெனால்டி கட்டத்துக்குள் ஒரு தட்டு அளவுக்குக் கிடக்கும். மேகம் இருந்தால் அதுவும் இருக்காது. முதல் வாரம் இருபத்திரண்டு பேரும் மைதானத்தில் நின்றோம். பிறகு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் பாக்கியநாதன் சாரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். எங்கள் கோல்கீப்பர் பால்பாண்டி துபாய்க்குப் போனான். ஆட்டம் நடக்கும்போது ஆள் மாற்ற பாக்கியநாதன் சார் ஒத்துக்கொள்ளவில்லை. கோல் காலியாகவே கிடந்தது.

எங்கள் அணியில் நானும் தொம்மையும் மட்டும் போகவில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே உப்பளத்தில் வேலை. காலையில் உப்பு வாரிவிட்டுச் சாயங்காலம் மைதானத்துக்கு வருவோம். அவன் வீட்டுக்குக் கிளம்பினால் நானும் கிளம்புவேன். நான் எழுந்தால் அவனும் எழுந்துவிடுவான். ஒருவன் இல்லாத நேரத்தில் பந்து இறங்கிவிடக் கூடாது. இப்படியே ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போனோம். பேசிக்கொள்வதில்லை.

துறைமுக அணியில் மிச்சம் இருந்தவன் மொகுதூம். அவர்களுடைய சென்டர் பார்வர்ட். பந்து இறங்கும் வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று கோலுக்குக் கொஞ்சம் தள்ளி டீக்கடை போட்டான். சாயங்காலம் நாங்கள் வரும்போது தினமும் கேட்பான்.

"என்ன வே, இன்னைக்கு இறங்குமா?"

நான் பதில் சொல்ல மாட்டேன். தொம்மையும் சொல்ல மாட்டான்.

"ரெண்டு பேரும் சேந்து பேசாம இருக்கதுல மட்டும் நல்ல ஒத்துமை" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றுவான். எங்கள் இரண்டு பேருக்கும் அவன் காசு வாங்கியதில்லை. எதிரணிக்காரன் டீயைக் குடிக்கலாமா என்று பாக்கியநாதன் சாரிடம் கேட்டேன். குடிக்கலாம் என்றார்.

என் கல்யாணத்தை அந்தப் பெனால்டி கட்டத்தில்தான் வைத்தேன். முகூர்த்தம் பகல் நேரத்தில் வந்தது. தொம்மைக்கு அன்றைக்கு உப்பளத்தில் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கோயிலில் தாலி கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் இங்கே வந்து தனியாக நிற்பான். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. பந்தல் போடும்போது நிழல் விழும் இடத்தில் மட்டும் ஓலையை விலக்கிவைத்தார்கள். தொம்மைக்கு நான் பத்திரிகை கொடுக்கவில்லை. அழைக்காமல் வந்தான் என்றும் சொல்ல முடியாது. அவன் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் மணவறை இருந்தது. எனக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு எட்டுப் பின்னால் நின்றான். எல்லாப் போட்டோவிலும் இருக்கிறான்.

"மாப்பிள்ளை அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்காவளே. பொண்ணையும் ஒருவாட்டி பாக்கச் சொல்லுங்க" என்றார் என் மாமனார்.

"அவிய என்னைப் பாத்து என்ன செய்யப் போறாவ, நான் இங்கனதான இருக்கப் போறேன். பந்துதான் எப்பம் வரும்னு தெரியாது" என்றாள் சண்முகக்கனி. அவள் விவரமானவள். அன்றைக்கே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஒரு குறை மட்டும் சொல்வாள். சாமி கும்பிடும்போதுகூட நான் இவ்வளவு நேரம் நிமிர்ந்து பார்த்ததில்லையாம்.

தொம்மை கோயிலில் கல்யாணம் செய்தான். அவன் மாதா கோயிலுக்குப் போன அன்றைக்கு நான் வாசலில் நின்றேன். அவன் வெளியே வந்ததும் நாங்கள் மைதானத்துக்கு வந்தோம். அவன் பெண்டாட்டி மரியபுஷ்பம் கல்யாணச் சேலையோடு பின்னால் வந்தாள்.

சுற்றுச்சுவர் முதலில் வந்தது. ஆடுகள் வந்து மூலைக்கொடிகளைத் தின்றுவிடுகின்றன, கொடி இல்லாத மைதானத்தில் ஆட்டம் செல்லாது என்று பாக்கியநாதன் சார் எழுதிப் போட்டார். நகராட்சி சுவர் கட்டியது. சுவர் கட்டியபின் இடம் சும்மா கிடக்கிறதே என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. கேலரி எழுப்பினார்கள். பிறகு பொருட்காட்சி வந்தது. நிழல் விழும் இடத்தைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி, உள்ளே நாங்கள் நின்றோம். வெளியே ராட்டினமும் அப்பளக்கடையும். ராட்டினத்தில் ஏறியவர்கள் உச்சிக்குப் போனதும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்து சர்க்கஸ். அதில் அந்தரத்தில் தொங்கிப் பார் விளையாடும் மலையாளத்துக்காரர் ஒருவர் நல்ல மனுஷர். கூடாரத்தின் உச்சியில் இருந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"ஏறுதா, இறங்குதா?"

அவர் கைக்குப் பவுடர் போட்டுக்கொண்டார்.

"காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

தேர்தல் வந்தபோது ஒரு கட்சிக்காரர் மைதானத்தில் மேடை போட்டு, நாங்கள் வந்தால் பந்தை இறக்குவோம் என்று பேசினார். மறுநாள் அதே மேடையில் அடுத்த கட்சிக்காரர், நாங்கள் வந்தால் எந்த நிலையிலும் பந்தை இறங்கவிட மாட்டோம் என்று பேசினார். இரண்டு நாளும் கூட்டம் சமமாகத்தான் இருந்தது. ஓட்டையும் அங்கேதான் எண்ணினார்கள். ஜெயித்தவர் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் துண்டு போர்த்தினார். தொம்மைக்கு முதலில் போர்த்தினார். அந்தத் துண்டை நான் இதுவரைக்கும் தோளில் போட்டதில்லை.

போலீஸ் ஆள் எடுப்பதற்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பையன்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். சித்த வைத்திய மாநாடு நடந்தது. பெரிய புயல் வந்த வருஷம் கடலோரத்து ஜனங்களெல்லாம் கேலரியில் குடும்பத்தோடு தங்கினார்கள். மைதானத்தில் இடுப்பளவு தண்ணீர். நானும் தொம்மையும் தண்ணீரில் நின்றோம். வெயில் வந்த அன்றைக்கு நிழல் தண்ணீரின் மேல் மிதந்தது. குழந்தைகள் அதைக் கையால் தள்ளி விளையாடின. தள்ளினாலும் திரும்ப எங்கள் நடுவில் வந்து நின்றது.

நாலு மூலையிலும் பெரிய விளக்குக் கம்பம் நட்டதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். விளக்கைப் போட்டால் பந்துக்கு நாலு நிழல். எது சரியான நிழல் என்று பாக்கியநாதன் சாராலும் சொல்ல முடியவில்லை. நான் கிழக்கு நிழலில் நின்றேன். தொம்மை மேற்கு நிழலில் நின்றான். பிறகு எனக்குச் சந்தேகம் வந்து மேற்குக்குப் போனேன். அவன் கிழக்குக்குப் போய்விட்டான்.

மரியபுஷ்பம் இறந்த சமயத்தில் தொம்மை சில நாட்கள் வரவில்லை. நானும் போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்தால் அவன்மேல் இரக்கப்பட்டேன் என்று ஆகிவிடும். அதனால் போனேன். தனியாக நின்றேன். நல்ல வெயில். கட்டத்துக்குள் நிழல் இல்லை. கோல்வரைக்கும் தேடிப் பார்த்தேன்.

"தொம்மை வரலைல்லா. அதான்" என்றான் மொகுதூம். டீயைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினான். ஒரு டம்ளர்தான் கொண்டுவந்திருந்தான். அதுவே எனக்கு ஒருமாதிரியாக இருந்தது.

தொம்மை திரும்பி வந்த அன்று நிழலும் வந்தது. துக்கம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேசினால் அவனிடம் நான்தான் முதலில் பேசினேன் என்று ஆகிவிடும்.

உப்பளத்தில் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் போய்விடும். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணைத் தின்றுவிடும். எனக்குக் கண் தப்பியது, முட்டி போனது. தொம்மைக்குக் கண் போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் அவன் மகள் ஸ்டெல்லா கையைப் பிடித்துக் கூட்டிவந்து கயிற்றுக்குள் விட்டுவிட்டுப் போவாள். அவன் அண்ணாந்து நிற்பான். பந்து ஒரு பக்கம் இருக்கும், அவன் முகம் வேறு பக்கம் இருக்கும். அப்போதும் அவன் விடவில்லை. கண் தெரியாதவனுக்கு எதற்குப் பந்து என்று சண்முகக்கனியிடம் சொன்னேன்.

"முட்டு மடங்காதவருக்கு எதுக்காம்?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நகரத்துக்கு ஒரு தொழில்முறை அணி. உப்புநகர் எஃப்.சி. என்று பெயர். பிரேசிலில் இருந்தும் பஞ்சாபில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கயிற்றுக்கு வெளியே பயிற்சி எடுத்தார்கள். எங்களைத் தாண்டிப் போகும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். கேலரிக்கு நாற்காலி வந்தது. மைதானம் முழுவதற்கும் கூரை வந்தது. மோட்டாரில் இரண்டு பக்கமிருந்தும் நகர்ந்து வந்து நடுவில் சேர்ந்துகொள்கிற கூரை. மேனேஜர் ரகுநந்தன் என்ற பையன் மெட்ராஸ்காரன், மரியாதை தெரிந்தவன். செருப்பைக் கயிற்றுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"சார், இந்த மேட்ச் முடிஞ்சாத்தான் எங்க லீக்கை ஆரம்பிக்க முடியும்" என்றான்.

"எங்களுக்கும் முடியணும்னுதான் ஆசை" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை கூரையை மூடறோம் சார். அதுக்கப்புறம் பந்து வந்தா கூரை மேலதான் விழும். கூரை மைதானத்துல சேராது. ரெப்ரி சார்கிட்ட கேட்டுட்டேன். அப்படி ஆனா மேட்ச் ரத்து. கோப்பை ரெண்டு டீமுக்கும் இல்ல."

நான் பாக்கியநாதன் சாரைப் பார்த்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நடுக்கோட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். விதி அப்படித்தான் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

கலெக்டர் ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அந்தக் கோப்பையை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பெயர் வெட்ட இடம் விட்டிருக்கிறார்கள். உப்பளத் தொழிலாளர் அணி என்று வெட்டினால் சரியாக இருக்கும் இடம். மேட்ச் ரத்தானால் சவரிமுத்து அடித்த கோலும் இல்லை என்று ஆகிவிடும். அவனுக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்" என்றான் ரகுநந்தன்.

"என்ன வார்த்தை?"

"விட்டேன்னு."

"அவன்ட்ட போய்ச் சொல்லச் சொல்லுங்க."

"அவர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் சார் வரேன். அவரும் இதையேதான் சொன்னார்."

"பாத்தீரா? நான் சொல்லுததத்தான் அவன் எப்பவும் பின்னாலயே சொல்லுவான்" என்றேன்.

ரகுநந்தன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூரை மூடுவதைப் பார்க்கக் கேலரி நிறைய ஜனம். நான் கொஞ்சம் முன்னதாகவே போனேன். தொம்மை அங்கே இருந்தான். அவனும் முன்னதாகவே வந்திருந்தான். கடல்காற்று பட்டால் எனக்குக் காது வலிக்கும், அதனால் வழக்கம்போலப் பஞ்சு வைத்திருந்தேன். சண்முகக்கனியும் ஸ்டெல்லாவும் கேலரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

மோட்டாரைப் போட்டார்கள். இரண்டு பக்கக் கூரையும் நகர ஆரம்பித்தது. வானம் முதலில் கடல் மாதிரி இருந்தது, பிறகு ஒரு தெரு மாதிரி ஆனது. வெளிச்சம் எங்கள் இரண்டு பேர் நிற்கிற இடத்தில் மட்டும் பட்டையாக விழுந்தது. அந்தப் பட்டைக்குள் நிழல் கிடந்தது.

"லிங்கதுரை" என்றான் தொம்மை.

என் பெயரை அவன் வாயால் கேட்டு அரை ஆயுசு ஆகிவிட்டது. குரல் மாறியிருந்தது. அவனே முதலில் பேசினான் என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

"என்ன?"

"வானம் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"ஒரு வேட்டி அகலம்."

"பந்து தெரியுதா?"

"நெழலு கெடக்கு. உன் காலுக்கும் என் காலுக்கும் நடுவுல."

அவன் குனிந்து, தெரியாத நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி. நீயே எடுத்துக்கோ. விட்டேன்" என்றான்.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அத்தனை வருஷம் நின்றேன். அது இப்படி வரும் என்று நினைக்கவில்லை. குடித்து மிச்சம் வைத்த பீடியைப் பக்கத்து ஆளிடம் நீட்டுகிற மாதிரி சொன்னான்.

"எதுக்கு விட்ட?"

"எனக்குத்தான் கண்ணு தெரியலைல்லா. நீயாவது முட்டி வெளிய தள்ளு. கோப்பை வரட்டும்."

"கண்ணு தெரியலன்னு விட்டியா, நான் முதல்ல கேட்டேன்னு விட்டியா?"

"கண்ணு தெரியலன்னுதான்."

"அப்பம் எனக்கு வேண்டாம்."

"லேய், வானம் மூடுது."

"மூடட்டும். யாரு முதல்ல கத்துனது? அதச் சொல்லு."

"நான்தான் முதல்ல கத்துனேன். எனக்கு உள்ளத உனக்குத் தாரேன். வாங்கிக்கோயேம்ல."

"உன் பிச்சை எனக்கு எதுக்கு? நானும் விட்டேன். நீயே எடுத்துக்கோ."

"நான்தான் விட்டாச்சே!"

"நானும்தான் விட்டாச்சு!"

மேலே இருந்து தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூரை இரண்டும் ஒரு முழத்துக்குள் வந்திருந்தன. அந்த இடைவெளி வழியாகப் பந்து வந்தது. விட்டேன் என்று சொன்னவன் விலகிக்கொள்ள வேண்டும். நான் என் பக்கம் விலகினேன். தொம்மை அவன் பக்கம் விலகினான். இரண்டு பேருமே ஒழுங்காக விலகினோம். பந்து எங்கள் நடுவில் தரையில் விழுந்து, எங்கள் இடுப்பு உயரத்துக்குத் துள்ளி, அடங்கி நின்றது.

அந்தக் காலத்துத் தோல் பந்து. நாடா வைத்துக் கட்டியது. எழுபத்தொன்றாம் வருஷத்துத் தூறலில் நனைந்த ஈரம் அதில் அப்படியே இருந்தது. தொம்மை அதன் வாசனையைப் பிடித்துவிட்டு, "விழுந்துட்டா?" என்றான். "விழுந்துட்டு" என்றேன். நான் குனிய முயன்றேன். முட்டி மடங்கவில்லை. தொம்மை காலை நீட்டினான். அது பந்து இல்லாத பக்கம் போனது.

மொகுதூம் டீக்கடையில் இருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ஓடவில்லை, நடந்துதான் வந்தான். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தான். இடது கையில் டீ வடிகட்டி இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க வே" என்றான்.

செருப்புக் காலின் நுனியால் பந்தைத் தட்டினான். அது உருண்டு, பால்பாண்டி விட்டுப்போன கோலுக்குள் போய், புது வலையில் பட்டு நின்றது. மொகுதூம் கையைத் தூக்கவில்லை. கேலரியைப் பார்க்கவும் இல்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். அவனும் அத்தனை வருஷம் நின்றவன்தான்.

பாக்கியநாதன் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையை நீட்டி நடுக்கோட்டைக் காட்டினார். விசிலை வாயில் வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் உப்பின. கழுத்து நரம்பு புடைத்தது. நல்ல பலத்தோடுதான் ஊதினார்.

சத்தம் வரவில்லை.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மேலே பார்த்தார். நாங்களும் மேலே பார்த்தோம். கூரையில் அந்த ஒரு முழம் வானம் இன்னும் திறந்துதான் இருந்தது.

"போயிட்டு" என்றார் பாக்கியநாதன் சார்.

ரகுநந்தன் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டான். மூடினால் விசில் சத்தம் கூரைக்கு மேலேயே நின்றுவிடும். விசில் கேட்காதவரைக்கும் கோல் கோல் ஆகாது, கோல் ஆகாததால் எங்களுக்கு அந்த ஒரு கோல் முன்னிலை இன்னும் இருக்கிறது. பந்து வலைக்குள் கிடக்கிறது. யாரும் தொடக் கூடாது என்று அதைச் சுற்றியும் கயிறு கட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் மைதானத்தில் கைத்தறிக் கண்காட்சி. கல்லில் இரண்டு வரி சேர்த்து வெட்ட ஆள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனான். என் பெயரை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம். தொம்மை இப்போது அண்ணாந்து பார்ப்பதில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். கண் போன பிறகு அவனுக்குக் காது கூர்மையாகிவிட்டது. நான் காதில் இருந்த பஞ்சை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, அவனுக்கு அரை எட்டு முன்னால் நிற்கிறேன்.